இரண்டு பெருநாள் வந்த வருசம்

"ரெண்டு நோம்புப் பெருநாள் வந்த வருசம்டா மனே, அந்த வருசந்தான் உங்கட சாச்சாக்கு சுன்னத்து வெச்ச." வயது, திகதி, ஆண்டு என்று எதைக் கேட்டாலும் என் மூத்தம்மாவிடமிருந்து இப்படித்தான் பதில் வரும். இங்கிலீஷ் மாதம் அவருக்குத் தெரியாது. தமிழ் மாதத்தை வயலுக்கும், பிறைக்கணக்கைப் பள்ளிக்கும் பெருநாளுக்கும் வைத்திருந்தார். இந்த இரண்டையும் ஒன்றோடொன்று முட்டவிட்டுக் காலத்தைக் கண்டுபிடிப்பது அவருடைய வழக்கம். "சூட்டுக்குள்ள பெருநாள் வந்த வருசம்", "பெருநாளுக்கு வான்கதவு துறந்த வருசம்", "குளம் வத்தி ஹஜ்ஜுப் பெருநாள் வந்த வருசம்" என்று அடுக்கிக்கொண்டு போவார். சிறு வயதில் இதை ஒரு கிழவியின் தடுமாற்றம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஒரே வருசத்தில் எப்படி இரண்டு நோன்புப் பெருநாள் வரும்?

வரும் என்பது பின்னாளில் ஒரு பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டியபோது தெரிந்தது. ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாட்கள். சூரிய ஆண்டை விடப் பத்துப் பதினொரு நாட்கள் குறைவு. ஆகவே பெருநாள் ஆண்டுதோறும் பின்னோக்கி நகர்ந்து, ஏறத்தாழ 33 வருசத்தில் எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்றுச் சுற்றி முடிக்கிறது. அந்தச் சுற்றில் ஒரு முறை ஜனவரியின் தொடக்கத்திலும் அதே ஆண்டு டிசம்பரின் கடைசிப் பகுதியிலுமாக இரண்டு நோன்புப் பெருநாள் விழுந்துவிடும். 1968இல் அப்படி விழுந்தது. 2000இலும் விழுந்தது. இனி 2033இல் விழும். சாச்சாவின் சுன்னத்துக் கலியாணம் 1968 என்று நிலைபெற்றுவிட்டது. அன்றிலிருந்து மூத்தம்மாவின் கதைகளை நான் வேறு காதோடு கேட்கத் தொடங்கினேன். தடுமாற்றம் என்று நினைத்தது ஒரு நாட்குறிப்பாக இருந்தது.

உன்னிச்சையை அறியாத வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ளது எழுவான்கரை, மேற்கே உள்ளது படுவான்கரை. காத்தான்குடி, ஏறாவூர் போன்ற நெருக்கமான முஸ்லிம் ஊர்கள் எழுவான்கரையில் இருக்கின்றன. படுவான்கரையிலோ வயலும் காடும் பட்டியும்தான் அதிகம், மக்களில் பெரும்பான்மையினர் தமிழர். மட்டக்களப்பு நகரிலிருந்து தென்மேற்கே, இன்றைய மண்முனை மேற்குப் பிரதேச செயலகப் பிரிவில் உன்னிச்சைக் குளம் இருக்கிறது. அதன் நீர்ப்பாய்ச்சலில் பயிர்செய்த முஸ்லிம் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. சிலர் போகத்துக்கு மட்டும் வந்து வாடியடித்துத் தங்கினார்கள். எங்களைப் போன்ற சிலர் அங்கேயே குடியிருந்தோம்.

அந்தச் சிறு ஊரின் பெருநாள் பொழுதுபோக்குகளைப் பற்றித்தான் இக்கட்டுரை. ஆனால் இந்த விளையாட்டு, இந்தப் பலகாரம், இந்தப் பாட்டு என்று ஒரு பட்டியல் போட்டு முடிக்கும் எண்ணம் எனக்கில்லை. அப்படியான பட்டியல்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' இப்பிரதேசத்தின் வாழ்க்கையை விரிவாகச் சொல்கிறது. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் திரிந்து சேர்த்த எஸ். முத்துமீரானுக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். எனக்குச் சொல்ல இருப்பது வேறொன்று. "பெருநாள் வழக்கம்" என்று நாம் இன்று ஒருமையில் சொல்வது ஒரே வழக்கம் அல்ல. பெருநாள் பிறையோடு நகர்ந்தது, வயல் மழையோடு நின்றது. பெருநாள் எந்தப் பருவத்தில் வந்து இறங்கியதோ அந்தப் பருவத்தின் விளையாட்டை எங்கள் ஆட்கள் விளையாடினார்கள்.

இதை அயர்லாந்தோடு ஒப்பிட்டபோதுதான் எனக்கே தெளிவாகப் புரிந்தது. அங்கே டிசம்பர் 26இல், புனித ஸ்தேவான் திருநாளில், இளைஞர்கள் வைக்கோலும் பழந்துணியும் உடுத்து, முகத்தை மறைத்துக்கொண்டு, ரென் என்ற சிறு குருவியின் பேரால் வீடுவீடாகப் பாடிக் காசு சேர்ப்பார்கள். பெப்ரவரி முதலாம் திகதி புனித பிரிஜித்தின் நாளுக்கு, கோரைப்புல்லில் சிலுவை பின்னி வீட்டில் வைப்பார்கள். ஒன்று எப்போதும் கடுங்குளிரில் வரும், மற்றது எப்போதும் வசந்தத்தின் வாசலில் வரும். பண்டிகையும் பருவமும் அங்கே ஒரே ஆணியில் அறையப்பட்டவை. இந்தப் பழக்கங்கள் மறைந்துபோகும் என்று அஞ்சி 1935இல் அந்த நாட்டில் நாட்டாரியல் ஆணைக்குழு ஒன்றை அமைத்தார்கள். 1937இலிருந்து 1939 வரை சுமார் 5,000 ஆரம்பப் பாடசாலைகளின் பிள்ளைகள், ஏறத்தாழ 50,000 பேர், தங்கள் வீட்டு மூத்தவர்களிடம் கேட்டு எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுப்பாடத்துக்குப் பதிலாக மூத்தம்மாவின் கதை! எங்கள் பக்கத்தில் 1970களில் இப்படி ஒன்று நடந்திருந்தால், ஒரு பிள்ளை மாரிப் பெருநாளையும் இன்னொரு பிள்ளையின் தகப்பன் சூட்டுப் பெருநாளையும் எழுதியிருப்பார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று யாராவது ஓர் ஆசிரியர் சிவப்பு மையால் கோடும் போட்டிருப்பார்.

மூத்தம்மாவுக்குப் பிடித்தது சூட்டுப் பெருநாள். கணக்குப் பார்த்தால் அது 1960க்கும் 1964க்கும் இடைப்பட்ட காலம். அந்த ஆண்டுகளில் நோன்புப் பெருநாள் மார்ச் கடைசியிலிருந்து பெப்ரவரி நடுப்பகுதிக்கு நகர்ந்தது. பெரும்போக வெள்ளாண்மை வெட்டிச் சூடு வைத்து மிதிக்கும் நாட்கள் அவை. வாய்க்காலடியில் களவெட்டி செதுக்கி, நடுவில் கதிரைப் பரப்பி, பிணைத்த மாடுகளைச் சுற்றச்சுற்ற ஓட்டுவார்கள். பகலில் வெயில் என்பதால் இரவில்தான் மிதிப்பு. நோன்பு காலத்தில் அது இன்னும் வசதி. நோன்பு துறந்து, தராவீஹ் முடித்து, களத்தில் இறங்கினால் சஹர் வரை வேலை ஓடும். வைக்கோலைக் கிளறும் கவைக்கம்புக்கு எங்கள் பக்கத்தில் 'வேலைகாரன் கம்பு' என்று பெயர். களவெட்டிக்குள் நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, 'பொலி' என்றுதான் சொல்ல வேண்டும். செருப்போடு உள்ளே போகக்கூடாது. நாங்கள் பிஸ்மி சொல்லித் தொடங்கினோம், அடுத்த களத்துத் தமிழர் பிள்ளையாரைக் கும்பிட்டுத் தொடங்கினார்கள். களத்துப் பேச்சும் களத்துக் கட்டுப்பாடும் இரு பகுதிக்கும் ஒன்றாகவே இருந்தன.

தலைப்பிறை பார்க்கக் குளக்கட்டில் ஏறுவார்கள். தண்ணீருக்கு அப்பால் மேற்கு வானம் மறைப்பின்றித் திறந்து கிடக்கும். கண்டவன் கத்துவான், கட்டுக்குக் கீழே பெண்கள் குரவையிடுவார்கள். அந்த இரவு களத்தில் வேலை நிற்கும். மாடுகளை அவிழ்த்துப் பட்டிக்கு விட்டுவிடுவார்கள். அவற்றைப் பிணைத்த கயிறு சும்மா கிடக்குமல்லவா, அதுதான் ஊஞ்சல் கயிறு!

இந்தச் சின்ன விசயத்தை நான் வெகுகாலம் கவனிக்கவில்லை. "பெருநாளெண்டா ஊஞ்சல்தான்" என்று எல்லோரும் சொல்வதால் அது பெருநாளுக்கே உரிய சடங்கு என்று நினைத்திருந்தேன். மூத்தம்மாவிடம் துருவிக் கேட்டபோது அவர் சிரித்தார். "மாரிக்க வந்த பெருநாளைக்கி ஆரு ஊஞ்சல் கட்டின? மழையிக்க ஆடுறயா? கவுறு எங்க இரிக்கி?" என்றார். பெரிய ஊஞ்சல் கட்ட இரண்டு பாகம் நீளமான, ஆள் பாரம் தாங்கும் கயிறு வேண்டும். அது வீட்டில் இருக்காது, களத்தில்தான் இருக்கும். களத்தில் அது ஓய்ந்திருக்கும் நாள் பெருநாளாக வாய்த்தால்தான் பெண்கள் மூன்று நாள் ஆடலாம். ஆண்கள் பள்ளியிலோ பொல்லடி நடக்கும் இடத்திலோ இருக்கும் நேரம் பார்த்துப் பெண்கள் ஊஞ்சலடிக்குப் போவார்கள். ஒருத்தி ஆட, இரண்டு பக்கமும் நிற்பவர்கள் மாறிமாறிப் பாட்டெடுப்பார்கள். மச்சிமார் ஒருவரையொருவர் பழிப்பதற்கென்றே பாட்டுகள் இருந்தன. அவற்றுள் சிலவற்றை மூத்தம்மா எனக்குச் சொல்ல மறுத்துவிட்டார். "அதெல்லாம் ஆம்புளைகளுக்குச் சொல்ற பாட்டில்ல" என்றார். நானும் விட்டுவிட்டேன். அவை அவரோடு போய்விட்டன.

ஊஞ்சல் கட்டிய மரத்தைப் பற்றி எங்களுக்குள் ஒரு தகராறு இருந்தது. அவர் புளியமரம் என்பார். நான் கண்டது மருதை. வாய்க்காலின் வளைவில், எங்கள் வளவுக்குக் கிழக்கே, சாய்ந்து நின்ற மருதை. அதில் நானே ஆடியிருக்கிறேன். "உனக்கென்ன தெரியும், புளிதான்" என்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும். இந்த மரம் பின்னால் மறுபடியும் வரும் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

சூட்டுப் பெருநாளில் புதிர் அரிசியில் சோறு. முதல் பொலியில் பள்ளிக்கும், முல்லைக்காரனுக்கும், கேட்டு வருகிற பக்கீர்மாருக்கும் கொடுத்த பிறகுதான் வீட்டுக்கு. பின்னேரம் பொல்லடி. அண்ணாவியார் நடுவில் நின்று பாட்டெடுக்க, இணையிணையாக நிற்பவர்கள் கையிலுள்ள பொல்லால் தன்னதையும் எதிராளியினதையும் தட்டிக்கொண்டு சுற்றி ஆடுவார்கள். களிகம்பு என்றும் சொல்வதுண்டு. தமிழ்க் கிராமங்களில் வசந்தன் ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு இரண்டும் உறவுக்காரர் என்பது உடனே தெரியும். யாரிடமிருந்து யார் எடுத்தார்கள் என்று சிலர் கட்டுரைகளில் மல்லுக்கட்டுகிறார்கள். ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சியவர்கள், ஒரே வாரத்தில் வெட்டி ஓய்ந்தவர்கள், கையில் இருந்த கம்பைத் தட்டினார்கள். இதற்கு மேல் எனக்குச் சான்று கிடைக்கவில்லை. சீனடி, சிலம்படி தெரிந்தவர்கள் தனியாகக் களம் கட்டுவார்கள். அது கலியாணத்திலும் கத்னா ஊர்வலத்திலும்தான் கூடுதலாக நடக்கும்.

மாரிப் பெருநாள் முற்றிலும் வேறு. இரண்டு பெருநாள் வந்த 1968இன் முதல் பெருநாளுக்கு வயலெல்லாம் பச்சை, வாய்க்காலெல்லாம் வெள்ளம். எழுவான்கரை உறவினர் வர முடியாது. மருதமுனைச் சாரன் வாங்கி வருவதாகச் சொன்ன மூத்தப்பா துறையைக் கடக்க முடியாமல் அக்கரையில் இரண்டு நாள் நின்றுவிட்டாராம். ஆண்கள் பரணில். நெல் குடலைப் பருவத்தில் யானையும் பன்றியும் பெருநாள் பார்ப்பதில்லை. பரணுக்குப் பரண் கவி பாடித் தூக்கத்தை விரட்டியதெல்லாம் இந்தப் பருவத்தில்தான். வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் கொக்கான் வெட்டினார்கள், தாயம் உருட்டினார்கள், நொடி போட்டார்கள். எழுத்து வாசிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் இரவில் கிஸ்ஸா படிப்பார். நூறு மசலாவைக் கேட்கிற பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு நொடி விளையாட்டுத்தான், அடுத்த கேள்விக்கு என்ன விடை என்று வாய்பிளந்து கிடப்பார்கள். மூத்தம்மா அதன் கேள்விகள் பலவற்றை மனப்பாடமாகவே வைத்திருந்தார். பள்ளிக்கூடம் போகாதவர்!

என்னுடைய பெருநாட்கள் கோடைப் பெருநாட்கள். நான் எட்டொன்பது வயதுப் பையனாக இருந்த 1984, 85 காலத்தில் ஹஜ்ஜுப் பெருநாள் ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் வந்தது. சிறுபோகம் முடிந்து குளம் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். தொழுகை முடிந்து, உழ்ஹிய்யா இறைச்சி பங்கிட்டு, பகல் சாப்பாடானதும் பையன்கள் எல்லோரும் குளத்துக்குள்தான். கரப்பும் அத்தாங்கும் தூண்டிலுமாகச் சேற்றில் இறங்கினால் விரால் கிடைக்கும், ஜப்பான் மீன் கணக்கில்லாமல் கிடைக்கும். அந்த மீனுக்கும் ஜப்பானுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆபிரிக்காவைச் சேர்ந்த திலாப்பியா அது, இலங்கைக்கு 1952இல் கொண்டுவரப்பட்டது. மூத்தப்பாவின் இளமைக் காலத்தில் குளத்தில் இல்லாத மீன் எனக்குப் பெருநாளின் பிரிக்க முடியாத அடையாளம். வழக்கம் என்பது எவ்வளவு சீக்கிரம் பழசாகிவிடுகிறது பாருங்கள். காய்ந்த குளத்தரையில் கிளித்தட்டும் கிட்டியும் நடக்கும். அந்தத் தரையில் கீறிய கோடு அடுத்த மழை வரை அழியாது. நாயும் புலியும் விளையாடப் பாறையில் கட்டம் கொத்தியிருந்தார்கள். அது யார் கொத்தியது என்று மூத்தப்பாவுக்கும் தெரியாது.

பெருநாளுக்கு அடுத்த நாள் தமிழ் வீடுகளுக்குத் தட்டுப் போகும். மாட்டிறைச்சி சமைத்த சட்டியில் செய்த எதையும் அனுப்பக்கூடாது என்பதில் மூத்தம்மா கண்டிப்பு. தொதல் கிண்டுவதற்கென்றே ஒரு தாச்சி தனியாக இருந்தது. வாழைப்பழம், சீனி, தொதல், சில வீடுகளுக்குப் பச்சை அரிசி. தைப்பொங்கலுக்கும் சித்திரை வருசத்துக்கும் அங்கிருந்து வரும். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்குக்கு எங்கள் ஆண்கள் வேடிக்கை பார்க்கப் போவார்கள். கொம்புமுறி விளையாட்டில் வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாகப் பிரிந்து இழுத்ததை மூத்தப்பா கதையாகச் சொல்வார். தனக்கு எந்தச் சேரி பிடிக்கும் என்பதையும் மெதுவாகச் சொல்வார்.

பிறையோடு நகர்ந்த இன்னொரு நாள் ஒடுக்கத்துப் புதன். சபர் மாதத்தின் கடைசிப் புதன்கிழமை. பீங்கானிலோ மாவிலையிலோ குங்குமப்பூ மையால் எழுதி, கரைத்து, குடித்து, குளித்துவிட்டு வருவது. எழுவான்கரையில் கடலுக்குப் போனார்கள், நாங்கள் குளத்துக்குப் போனோம். கட்டுச்சோறோடு பெண்களும் பிள்ளைகளும் ஒரு பகல் முழுக்க வெளியில் இருக்கும் நாள் அது ஒன்றுதான். அதற்கு மார்க்கத்தில் ஆதாரம் இல்லை என்று பின்னர் சொல்லப்பட்டது. அந்த விவாதம் எனக்குரியதல்ல, தகுதியானவர்கள் பேசிவிட்டார்கள். அந்தப் பகலை எடுத்துவிட்டபோது பெண்களுக்கு அதற்கு ஈடாக வேறொரு பகலை யாரும் கொடுக்கவில்லை என்பதை மட்டும் ஒரு வரலாற்றுக் குறிப்பாக எழுதிவைக்கிறேன்.

1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியை மூத்தம்மா "ஹஜ்ஜிப் பெருநாத் தொதல் முடியமுன்ன வந்த காத்து" என்று நினைவு வைத்திருந்தார். பஞ்சாங்கத்தில் பார்த்தேன். சரிதான், அந்தப் பெருநாள் முடிந்து இரண்டு கிழமைக்குள்தான் காற்று வந்தது. மட்டக்களப்பு மாவட்டத்தில் தென்னையும் பெருமரங்களும் விழுந்த அளவுக்குக் கணக்கில்லை. அப்போது எனக்கு இரண்டு வயது, எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. அவர் சொன்ன தொதலை நான் குறித்துக்கொண்டேன், மரங்களைப் பற்றி யோசிக்கத் தவறிவிட்டேன்.

1990இல் நோன்புப் பெருநாள் ஏப்ரல் கடைசியில் வந்தது. பெரும்போகம் வெட்டி முடிந்து, சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்கும் நாட்கள். எனக்குப் பதினான்கு வயது. அதுதான் உன்னிச்சையில் எங்கள் கடைசிப் பெருநாள் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே யாரும் அதை விசேடமாகக் கவனிக்கவும் இல்லை. ஜூனில் யுத்தம் மூண்டது. ஜூலை முதல் வாரத்தில் வந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நாங்கள் ஏறாவூரில் உறவினர் வீட்டு விறாந்தையில் இருந்தோம். ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும், 11ஆம் திகதி இரவு ஏறாவூரிலும் நடந்தவற்றை இந்த ஏட்டின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அதன் பிறகு திரும்பிப் போகும் பேச்சே எழவில்லை.

சூட்டுப் பெருநாள் மறுபடி வந்தது. 1993இலிருந்து 1996 வரை நோன்புப் பெருநாள் மார்ச் கடைசியிலிருந்து பெப்ரவரி வரையான நாட்களில் விழுந்தது. முப்பது வருசத்துக்கு முன் மூத்தம்மா ஆடிய அதே பருவம், அதே பிறை. ஆனால் களம் இல்லை, மாடு இல்லை, கயிறு இல்லை. நான்கு குடும்பங்கள் இருந்த வளவில் ஊஞ்சல் கட்ட மரமும் இல்லை. மூத்தம்மா வாசற்படியில் இருந்துகொண்டு, "இப்ப சூடு மிதிக்கிற காலம்" என்பார். யாரும் பதில் சொல்ல மாட்டோம். பெருநாளை நாங்கள் இழக்கவில்லை. தொழுகை இருந்தது, புதுச் சட்டை இருந்தது, வட்டலப்பம் கூட இருந்தது. காலுக்கடியில் இருந்த பருவம்தான் போய்விட்டது. பெருநாள் எந்த மாதத்தில் வந்தாலும் எங்களுக்கு ஒரே மாதிரியாக இருக்கத் தொடங்கியது அப்போதுதான்.

எல்லாவற்றையும் யுத்தத்தின் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. உழவு மெசின் வந்து சூடு மிதிக்கத் தொடங்கியபோதே களத்து இரவுகள் சுருங்கிவிட்டன. கயிறு அப்போதே தேவையற்றதாகிவிட்டது. நான் மருதையில் ஆடியது கடையில் வாங்கிய நைலோன் கயிற்றில். கவியை வானொலி பாதி அமுக்கியது, கிஸ்ஸாவைத் தொலைக்காட்சி முழுதாக அமுக்கியது. குரவையை நாகரிகம் பார்த்து நாங்களே நிறுத்தினோம். பொல்லடி பிழைத்துக்கொண்டது, சாகித்திய விழா மேடைகளில். எல்லோருக்கும் ஒரே நிறச் சட்டை, பதினைந்து நிமிடம், பிறகு நன்றியுரை. குறை சொல்லவில்லை, ஆடுகிற பிள்ளைகள் நன்றாகவே ஆடுகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் ஒரு போகம் வெட்டியிருப்பார்கள் என்றுதான் எண்ணத் தோன்றுகிறது.

2007இல் படுவான்கரை அரச படைகளின் வசமானது. அந்த ஆண்டின் சண்டையில் அங்கிருந்த தமிழ்க் குடும்பங்களும் மூட்டை முடிச்சோடு வாவியைக் கடந்து வந்து முகாம்களில் இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு எங்கள் காணி பற்றிய விசாரணைக்கு மூத்தம்மாவையும் கூட்டிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அனுமதிப்பத்திரம் 1990இல் வீட்டோடு போய்விட்டது. எல்லையைச் சொல்லுங்கள் என்றார் உத்தியோகத்தர். "கிழக்கால வாய்க்கா, வாய்க்கா வளையிற இடத்தில ஊஞ்சல் புளி" என்றார் மூத்தம்மா. என்னைத் தனியாகக் கேட்டபோது மருதை என்றேன். பொய் சொல்லக்கூடாது என்று நினைத்துத்தான் சொன்னேன். உத்தியோகத்தர் பேனையை மூடினார். "ஒரே வீட்டில ரெண்டு மரமா?" என்றார். வேறு குறைபாடுகளும் இருந்தன, இந்த மரத்தால் மட்டும் கோப்பு நின்றது என்று சொல்லமாட்டேன். ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் மூத்தம்மா என்னோடு கதைக்கவில்லை. 2012இல் அவர் மௌத்தாகும் வரை நாங்கள் அந்த மரத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

2025இல் நோன்புப் பெருநாள் மார்ச் 31ஆம் திகதி வந்தது. மூன்றாவது சுற்று. பெருநாளுக்கு அடுத்த நாள் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு செங்கலடி, கரடியனாறு வழியாக உன்னிச்சைக்குப் போனேன். அறுவடை பெரும்பாலும் முடிந்திருந்தது. பிந்தி விதைத்த ஒரு வயலில் வெட்டு மெசின் நின்றது. வெட்டி, அடித்து, தூற்றி, நெல்லை வாயால் கக்கியது. மூத்தப்பாவுக்கு பல இரவுகள் எடுத்த வேலை பின்னேரத் தேநீருக்கு முன் முடிந்தது. குளக்கட்டில் நின்று பிள்ளைகள் படம் எடுத்தார்கள். ஏறாவூரில் நம் வீட்டுக் குழாயில் வருவது இந்தக் குளத்துத் தண்ணீர்தான் என்றேன். அவர்கள் அதை நம்பவில்லை. வவுணதீவில் சுத்திகரித்துத்தான் வருகிறது என்று விளக்க வேண்டியிருந்தது.

வாய்க்கால் வளைவில் ஒரு பெரியவர் மாடு பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் வயலுக்கு அடுத்த வயலில் இருந்த தமிழ்க் குடும்பம். மூத்தப்பாவின் பெயரைச் சொன்னதும் என்னைப் பிடித்துக்கொண்டார். உம்மா, வாப்பா, சாச்சா என்று ஒவ்வொருவராக விசாரித்தார். எங்கள் வீட்டுத் தொதல் தாச்சியைக் கூட விசாரித்தார். நான் மருதையைக் காட்டச் சொன்னேன். அது நின்ற இடத்தைக் காட்டினார். வாய்க்கால் திருத்தியபோது வெட்டிவிட்டார்களாம்.

"அப்ப மூத்தம்மா சொன்ன புளி?"

"புளி அங்கால" என்று இருபது அடி தள்ளிக் கைகாட்டினார். "அது சூறாவளிக்குள்ள விழுந்ததெல்லோ, எழுபத்தெட்டில. அதுக்குப் பிறகுதான் தம்பி உங்கட ஆக்கள் மருதையில கட்டின. புளியில ஆடினது உங்கட மூத்தம்மா ஆக்கள். நீங்க எல்லாம் பிறகு."

வாய்க்கால் ஓரத்தில் புல்லை விலக்கிப் பார்த்தோம். வேர்க்கட்டை ஒன்று கறுத்துப்போய்க் கிடந்தது. புளியா வேறெதுவுமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. பெரியவர் அதில் காலை வைத்துக்கொண்டு, மாட்டைப் பார்த்துச் சத்தம் போட்டார். என் மகள் கைபேசியில் படம் எடுத்தாள். எந்த இடம் என்று கீழே எழுதி வைக்கச் சொன்னேன். வருசத்தையும் எழுதட்டுமா என்று கேட்டாள்.

"எழுது" என்றேன். "ரெண்டு வருசத்தையும்."